சீட்டை எண்ணாதீர்கள், பெல்ட்டை எண்ணுங்கள்



நீளமான பதிவு. கொஞ்சம் சூடாகவும் இருக்கும். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருப்பவர்கள், கார் வாங்கும் யோசனையில் இருப்பவர்கள், பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் போகிற என் வயதுக்காரர்கள், எல்லாரும் கடைசிவரை படிக்க வேண்டும். மற்றவர்கள் லைக் போட்டுவிட்டுப் போகலாம். டீச்சர் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

விஷயம் இதுதான். என் தம்பி மகன் கார் வாங்கப் போகிறான். அவனுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்கு 7 வயது. அடுத்து இரட்டையர், இரண்டு முடிந்து மூன்றாவது வயது நடக்கிறது. புருஷன் பெண்டாட்டி, மூன்று பிள்ளைகள், என் தம்பி, தம்பி மனைவி. ஆக மொத்தம் ஏழு பேர். "எந்த வண்டி எடுக்கலாம்?" என்று குடும்ப வாட்ஸப் குழுவில் கேட்டான். மூன்று நாளில் இருநூறு செய்தி வந்தது. எர்டிகா என்றார் ஒருவர், மைலேஜ் கொடுக்குமாம். இன்னோவா என்றார் ஒருவர், விற்றாலும் விலை போகுமாம். பொலேரோ எடு, ஊருக்குள் நுழைந்தால் கெத்தாக இருக்கும் என்றான் ஒரு பயல். சன்ரூஃப் இல்லாமல் எடுக்காதே, பிள்ளைகள் ஆசைப்படும் என்றாள் ஒரு மகராசி. கடைசியில் குடும்பத்துப் பெரியவர் ஒருவர், "ஏழு பேர், ஏழு சீட், கணக்கு சரியாப் போச்சு, புக் பண்ணுப்பா" என்று தீர்ப்பு எழுதினார்.

அந்த இருநூறு செய்தியில் ஒன்றிலாவது, மூன்று குழந்தைகளும் அந்த வண்டியில் எங்கே உட்காரும், எதில் உட்காரும், எது அவர்களைப் பிடித்துக்கொள்ளும் என்ற கேள்வி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. 34 வருஷம் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். பெரியவர் மன்னிக்க வேண்டும், இந்தக் கணக்கு தப்பு.

ஏன் தப்பு என்றால், கார்க் கம்பெனி ஏழு சீட் என்று சொல்வது ஏழு வளர்ந்த ஆட்களுக்கான இடத்தை. சின்னக் குழந்தை என்பது சின்ன அளவில் இருக்கும் பெரிய ஆள் கிடையாது. அதற்கு வேறு மாதிரி இருக்கை வேண்டும். அந்த இருக்கையை வண்டியோடு பூட்டுவதற்கு இடம் வேண்டும். அந்த இடம் ஏழு சீட் வண்டிகள் பலவற்றில் இரண்டே இரண்டுதான். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் மடியைப் பற்றிப் பேசிவிடுகிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் எல்லாப் பிரச்சினையும் அங்கேதான் தொடங்குகிறது.

"குழந்தைக்கு எதுக்கு சீட்டு? மடியில வச்சுக்கலாம்."

எட்டாம் வகுப்பு அறிவியல் போதும் இதற்குப் பதில் சொல்ல. கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். எதிரே ஒரு லாரியிலோ புளியமரத்திலோ மோதி, பத்தில் ஒரு விநாடியில் நிற்கிறது என்று வையுங்கள். விநாடிக்கு 14 மீட்டர் என்பது 0.1 விநாடியில் பூஜ்யமாகிறது. புவியீர்ப்பைப் போல 14 மடங்கு. 12 கிலோ குழந்தையை அந்த நேரத்தில் பிடித்து நிறுத்த 168 கிலோ எடையைத் தாங்குகிற பலம் வேண்டும். 75 கிலோ மூட்டை இரண்டை, அதற்கு மேலும் கொஞ்சத்தை, எந்தத் தாத்தா ஒரு கையால் பிடிப்பார்? ஜாக்கிரதையாகப் பிடித்துக்கொள்வேன் என்கிறார்கள். இதில் ஜாக்கிரதைக்கு வேலையே இல்லை. பாசத்துக்கும் வேலை இல்லை. அதே 50 கிலோமீட்டர் வேகம் என்பது சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். மூன்று மாடி. மூன்றாவது மாடிக் கைப்பிடிச் சுவரில் குழந்தையை உட்கார வைத்து, "நான்தான் பிடிச்சிருக்கேனே" என்று எந்தப் பாட்டியாவது சொல்வாளா? அடித்துத் துரத்த மாட்டோமா?

சிலர் இன்னும் புத்திசாலிகள். தானும் குழந்தையும் சேர்ந்து ஒரே பெல்ட்டைப் போட்டுக்கொள்கிறார்கள். மோதும்போது 70 கிலோ தாத்தா முன்னால் போவார், பெல்ட் போகவிடாது, நடுவில் இருப்பது குழந்தை. கரும்பு மிஷினைப் பார்த்திருக்கிறீர்கள்தானே, அவ்வளவுதான் சொல்வேன். முன்சீட்டில் மடியில் வைத்திருந்தால் இன்னும் மோசம். புது வண்டிகளில் முன்சீட்டுப் பயணிக்கும் ஏர்பேக் கட்டாயம் என்று 2021-லேயே வந்துவிட்டது. பெல்ட் போட்ட பெரிய ஆளின் மார்புக்காக வடிவமைத்த பை அது, கண் இமைப்பதற்குள் வெடித்து விரியும். அதற்கும் தாத்தாவின் மார்புக்கும் இடையில் இரண்டு வயதுப் பிள்ளையின் தலை.

"நாங்கெல்லாம் அப்படியா வளர்ந்தோம்? ஒரு அம்பாசடர்ல பதினோரு பேரு போவோம்" என்று என் வயதுக்காரர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். போனோம். நானும் போயிருக்கிறேன். அப்போது திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போகிற ரோட்டில் எதிரே பஸ் வந்தால் மண்ணில் இறங்கி ஒதுங்கி நிற்க வேண்டும். நாற்பது ஐம்பதுக்கு மேல் முள் போகாது. இன்று அதே ரோடு நான்கு வழிச்சாலை. கொடைரோடு சுங்கச்சாவடியைத் தாண்டினால் நூறுக்குக் கீழே யாராவது ஓட்டுகிறார்களா? வேகம் இரண்டு மடங்கானால் மோதும் ஆற்றல் இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். இதுவும் பள்ளிக்கூடப் பாடம்தான். இன்னொன்று, அப்போது பிழைத்தவர்கள்தான் இன்று உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்கிறோம். பிழைக்காத பிள்ளைகள் வாட்ஸப் குழுவில் இல்லை.

பின்சீட்டு பத்திரம் என்ற நம்பிக்கையும் நம்மிடம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தில் நடந்த விபத்து ஞாபகம் இருக்கும். டாடா குழுமத்துக்கே தலைவராக இருந்த சைரஸ் மிஸ்திரி, நல்ல விலையுயர்ந்த வெளிநாட்டு வண்டியில், பின்சீட்டில் இருந்தவர், இறந்துபோனார். பின்னால் இருந்தவர்கள் பெல்ட் போடவில்லை என்று போலீஸ் சொன்னது. அந்த வாரம் மட்டும் நம் ஊரில் எல்லாரும் பின்சீட்டில் பெல்ட்டைத் தேடினார்கள். பாதிப் பேர் வண்டியில் அது சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடந்தது.

இப்போது வண்டிக்கு வருகிறேன்.

குழந்தை இருக்கையை காரோடு பூட்ட ஐசோஃபிக்ஸ் என்று ஓர் ஏற்பாடு உண்டு. சீட்டின் முதுகும் அடியும் சேரும் மடிப்புக்குள் கையை விட்டுப் பாருங்கள், இரண்டு இரும்புக் கம்பி வளையங்கள் தட்டுப்படும். அதில் குழந்தை இருக்கையின் கொக்கிகளை மாட்டினால் 'டிக்' என்று சத்தம் வரும், அசையாது. நம் ஊரில் விற்கும் ஏழு சீட் வண்டிகள் பலவற்றில் இந்த வளையங்கள் இரண்டாவது வரிசையில் இடது ஓரம், வலது ஓரம், இரண்டு இடத்தில் மட்டும்தான். அப்படியானால் இரட்டையர் இருவருக்கும் அங்கே இடம் முடிந்தது. நடுவில் மிச்சம் இருப்பது? குழந்தை இருக்கை ஒன்றின் அகலம் சுமார் 44 சென்டிமீட்டர். இரண்டு ஓரத்திலும் அதை மாட்டிவிட்டு நடுவில் என் தம்பி மனைவியை உட்காரச் சொல்லுங்கள் பார்ப்போம். அவள் என்னை மன்னிக்கட்டும், நடக்காது.

சரி, மூன்றாவது வரிசைக்குப் போகலாம் என்பீர்கள். எப்படிப் போவீர்கள்? இரண்டாவது வரிசை சீட்டை மடித்தோ நகர்த்தியோதான் உள்ளே போக வேண்டும். அந்தச் சீட்டில்தான் இப்போது குழந்தை இருக்கையைப் பூட்டியாகிவிட்டதே! ஒவ்வொரு தடவையும் அதைக் கழற்றி மாட்டுவீர்களா? இரண்டு நாள் செய்வீர்கள். மூன்றாம் நாள் குழந்தை இருக்கை பரணுக்குப் போகும், குழந்தை மடிக்கு வரும். ஷோரூமில் விற்பனைப் பையன் ஒரு பட்டனைத் தட்டி சீட்டை மடக்கிக் காட்டும்போது எல்லாரும் கைதட்டுகிறார்கள். காலி சீட்டை மடக்குவது யாருக்கும் முடியும்.

அதனால்தான் நான் குழுவில் எழுதினேன், ஏழு சீட் வண்டியைவிட ஆறு சீட் வண்டி உனக்கு நல்லது என்று. எல்லாரும் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். டீச்சருக்கு ரிட்டயர்மென்ட்டுக்குப் பிறகு கழித்தல் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறதாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஆறு சீட் என்றால் நடு வரிசையில் தனித்தனியாக இரண்டு சீட், நடுவில் நடந்துபோக வழி. இரண்டு குழந்தை இருக்கைகளையும் பூட்டியபடியே வைத்துவிட்டு, நடுவழியே அம்மா பின்வரிசைக்குப் போகலாம். பின்னால் அம்மாவும் மூத்தவளும். ஒரு குழந்தை அழுதால் அம்மா பின்னாலிருந்து கை நீட்டலாம். தினமும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கடைத்தெருவுக்கும் போக இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஒரு சீட் குறைந்தது நஷ்டம் இல்லை, வழி கிடைத்தது.

மூத்தவளைப் பற்றியும் சொல்ல வேண்டும். "அவ பெரிய பொண்ணு, ஏழு வயசு, பெல்ட் போட்டா போதும்" என்கிறார்கள். போதாது. காரின் பெல்ட் பெரிய உடம்புக்குத் தைத்த சட்டை. 7 வயதுப் பெண்ணுக்கு மேல்பட்டை கழுத்தில் உரசும், கீழ்ப்பட்டை வயிற்றில் ஏறும். கழுத்தில் உரசுகிறதே என்று பிள்ளை அதைக் கையால் எடுத்து முதுகுப் பக்கம் தள்ளிவிடும். மோதும்போது வயிற்றுப் பட்டை குடலை அழுத்தும். இடுப்பு எலும்பின் மேல் கீழ்ப்பட்டையும், தோள் எலும்பின் மேல் மேல்பட்டையும் வர வேண்டும். அதற்காகப் பிள்ளையைக் கொஞ்சம் உயர்த்தி உட்கார வைக்கிற பூஸ்டர் இருக்கை உண்டு. பூஸ்டர் எதுவரைக்கும் என்றால், உயரம் 135 சென்டிமீட்டர் ஆகும் வரையாவது வேண்டும். சில நாடுகளில் 150 வரை கேட்கிறார்கள். வருஷா வருஷம் சுவரில் கோடு போட்டுப் பிள்ளைகளின் உயரம் அளந்தவள் சொல்கிறேன், ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகும்போதுகூடப் பலர் நாலரை அடியைத் தொட்டிருக்க மாட்டார்கள். வயதைப் பார்க்காதீர்கள், பெல்ட் எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

கைக்குழந்தை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. கைக்குழந்தையின் இருக்கை பின்பக்கம் பார்த்துத்தான் இருக்க வேண்டும். தலை கனம், கழுத்துப் பிஞ்சு, அதுதான் காரணம். ஐரோப்பாவின் ஆர்129 விதிப்படி குறைந்தது 15 மாதம் வரை அப்படி. அதற்குப் பிறகும் இருக்கை தாங்கும் வரை அப்படியே வைத்தால் நல்லதுதான். ஏர்பேக் வேலை செய்கிற முன்சீட்டில் அந்த இருக்கையை ஒருபோதும் வைக்கக் கூடாது.

பொலேரோ கெத்து என்று சொன்ன பயலுக்கு. பொலேரோ, பழைய சுமோ மாதிரி வண்டிகளில் கடைசியில் எதிரும் புதிருமாக, பக்கவாட்டில் பார்த்து உட்காரும் பெஞ்ச் உண்டு. பிள்ளைகளைத்தான் அதில் ஏற்றுவோம், "பசங்க ஜாலியா விளையாடிட்டு வரட்டும்" என்று. பக்கவாட்டில் உட்கார்ந்த உடம்பை முன்னால் மோதும் விபத்தில் காப்பாற்றுவது கஷ்டம், குழந்தை இருக்கையை அங்கே மாட்டவே முடியாது. அந்தப் பெஞ்சில் குழந்தை உட்காரக் கூடாது. இதில் எனக்கு வேறு அபிப்பிராயம் கிடையாது.

டிக்கியைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. மூன்று வரிசையும் நிமிர்த்தி வைத்தால் ட்ரைபரில் மிச்சம் 84 லிட்டர் இடம். ஒரு பெரிய சூட்கேஸ் போகாது. எர்டிகாவில் 209 லிட்டர், காரன்ஸில் 216. சிஎன்ஜி எடுத்தால் சிலிண்டர் வேறு டிக்கியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஏழு பேர் மூன்று நாள் ஊருக்குப் போகிற மூட்டை முடிச்சு, பால்பவுடர் டப்பா, பொங்கல் வைக்கிற பானை, திரும்பி வரும்போது அண்ணன் கொடுத்துவிடும் தேங்காய் மூட்டை எல்லாம் எங்கே போகும்? கடைசி சீட்டின் தலைக்கு மேல் அடுக்குவீர்கள். சடன் பிரேக் போட்டால் அந்தத் தேங்காய் எந்தப் பக்கம் பறக்கும் என்று மேலே போட்ட கணக்கையே இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். நாலு பேர் குடும்பம், இரண்டு குழந்தை என்றால் ட்ரைபரின் கடைசி வரிசையை மொத்தமாகக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, 625 லிட்டர் டிக்கியோடு ஓட்டலாம். அது புத்தியுள்ள உபயோகம். ஏழு பேரை அடைத்துக்கொண்டு கொடைக்கானல் மலை ஏறுவது எதில் சேர்த்தி என்று நான் சொல்ல மாட்டேன். வத்தலக்குண்டு தாண்டி மூன்றாவது வளைவிலேயே கடைசி வரிசைப் பிள்ளைகள் வாந்தி எடுக்கும், பிறகு எல்லாரும் சேர்ந்து பிள்ளைகளைத் திட்டுவீர்கள்.

நட்சத்திரம் பற்றிக் கேட்டார்கள். குளோபல் என்கேப், 2023 அக்டோபரிலிருந்து நம் நாட்டின் பாரத் என்கேப் என்று வண்டிகளை மோதவிட்டுச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கிறார்கள். நல்ல விஷயம். கட்டாயம் பாருங்கள். 2016 சோதனையில் ஈகோ பெரியவர்களுக்கு வாங்கியது பூஜ்யம். எர்டிகா 2019-இல் 3 நட்சத்திரம். சோதனையைக் கடுமையாக்கிய பிறகு 2024-இல், ஆப்பிரிக்காவுக்கு அனுப்ப இங்கே செய்த எர்டிகாவுக்குப் பெரியவர்களுக்கு 1, குழந்தைகளுக்கு 2. அதே 2024-இல் பொலேரோ நியோவுக்கு இரண்டிலும் 1. மாற்றம் செய்த காரன்ஸுக்குப் பெரியவர்களுக்கு 3, குழந்தைகளுக்கு 5. கம்பெனிக்காரர்கள் இடையிடையே ஏர்பேக் கூட்டுவார்கள், உடம்பை மாற்றுவார்கள். அதனால் வாங்கும் மாதத்தில் புது முடிவைப் பாருங்கள். பெரியவர்களுக்கு ஒரு மதிப்பெண், குழந்தைகளுக்கு ஒரு மதிப்பெண் என்று தனித்தனியாக இருக்கும். ஷோரூமில் பெரியதைத்தான் சொல்வார்கள், நீங்கள் மற்றதைக் கேளுங்கள்.

ஆனால் அந்தக் குழந்தை நட்சத்திரம் எப்படி வருகிறது தெரியுமா? ஒன்றரை வயது, மூன்று வயது அளவில் செய்த பொம்மைகளைக் குழந்தை இருக்கையில் வைத்துப் பூட்டி, அதன் பிறகு மோதுகிறார்கள். மடியில் வைத்த பொம்மைக்கு அவர்கள் மதிப்பெண் போடுவதில்லை. நீங்கள் 5 நட்சத்திர வண்டி வாங்கி, பிள்ளையை மடியில் வைத்தால் அந்த 5 உங்களுடையது இல்லை. வேறு யாரோ எழுதிய பரீட்சைக்கு நீங்கள் சர்டிபிகேட்டை மாட்டிவைத்திருக்கிறீர்கள்.

காசு இல்லை என்று சொல்லாதீர்கள். பத்து, பன்னிரண்டு லட்சத்துக்கு வண்டி எடுக்கிறவர்களிடம்தான் பேசுகிறேன். குழந்தை இருக்கை ஐந்தாயிரத்திலிருந்து இருபதாயிரத்துக்குள் நல்லதாகவே கிடைக்கிறது. சன்ரூஃப் உள்ள மாடலுக்கு அதைவிட எத்தனையோ மடங்கு கூடுதலாகக் கொடுக்கிறீர்கள், எதற்கு? அந்த ஓட்டை வழியாகப் பிள்ளையின் தலையை வெளியே நீட்டி வீடியோ எடுப்பதற்கு. என் பழைய மாணவன் ஒருவன் போன மாதம் அப்படி ஒரு வீடியோ போட்டிருந்தான், பைபாஸில், இரண்டு பிள்ளைகள் இடுப்பு வரை வெளியே. கீழே நூற்றுக்கணக்கில் இதயக்குறி. நான் ஒன்றுதான் எழுதினேன்: "இறக்குடா." அழித்துவிட்டான். என்னை பிளாக் செய்யவில்லை, அந்த மட்டில் நல்ல பிள்ளை.

சட்டமும் இருக்கிறது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் வண்டி ஓட்டினால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்கிறது. நம் தெருவில் யாராவது கட்டிப் பார்த்திருக்கிறீர்களா? ஹெல்மெட்டுக்கு ஒதுங்கி நிற்கச் சொல்லும் போலீஸ், மடியில் குழந்தையோடு போகும் காருக்கு டாடா காட்டி அனுப்புகிறார். அவர் வீட்டிலும் அப்படித்தானே போகிறார்கள்.

இதே நாம், 2012-இல் தாம்பரம் பக்கத்தில் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி செத்தபோது எப்படிக் கொதித்தோம்! ஊரே ரோட்டுக்கு வந்தது. அதன் பிறகு அரசு அந்த வருஷமே பள்ளிப் பேருந்துகளுக்குத் தனி விதிகள் போட்டது. இன்றும் ஒவ்வொரு வருஷமும் பள்ளி திறக்கும் முன் அதிகாரிகள் வரிசையாக பஸ்களை நிறுத்தி, தரையைத் தட்டி, அவசர வழியைத் திறந்து பார்க்கிறார்கள். நியாயம். பள்ளிக்கூட வேனில் ஒரு பிள்ளை கூடுதலாக ஏறினால் பெற்றோர் கூட்டத்தில் என் மேஜையைத் தட்டிக் கேட்டவர்களை எனக்குத் தெரியும். அதுவும் நியாயம். அவர்களே ஞாயிற்றுக்கிழமை ஐந்து சீட் வண்டியில் ஒன்பது பேரோடு கல்யாணத்துக்கு வந்து இறங்குகிறார்கள். ஊரான் வண்டிக்கு ஒரு சட்டம், நம் வண்டிக்கு ஒரு சட்டமா?

"குழந்தை அதுல உக்காராது அத்தை, கத்தும்" என்றான் மருமகன். இந்த ஒரு விஷயத்தில் என்னிடம் யாரும் வாதாட வர வேண்டாம். வருஷா வருஷம் ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பில் நாற்பது குழந்தைகள் கத்துவதைக் கேட்டவள் நான். முதல் வாரம் கூரை பறக்கும். இரண்டாம் வாரம் பாதி. ஜூலையில் பாதிப் பேருக்கு வீட்டுக்குப் போக மனசு வராது. ஆகஸ்ட் வரை அழுகிற பிள்ளை ஒன்று இரண்டு இருக்கும். போய்ப் பார்த்தால் அந்தப் பிள்ளையின் பாட்டி ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பாள். அழுதால் பாட்டி தூக்குவாள் என்று பிள்ளைக்குத் தெரியும், அதனால் அழுகிறது. காரிலும் அதேதான். இருக்கையில் உட்கார்ந்தால்தான் வண்டி நகரும் என்று ஒருநாளும் தவறாமல் நடத்தினால் பத்து நாளில் பழகும். ஒரே ஒரு நாள், "இன்னைக்கு மட்டும், பக்கத்துத் தெருதானே" என்று தூக்கினீர்கள் என்றால் முடிந்தது, மறுபடி முதல் நாள். என் மகள் வயிற்றுப் பேரன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இருக்கையில்தான் போகிறான். அவனுக்கு அதுதான் கார். இப்போது நான் பெல்ட் போட மறந்தால் "பாட்டி, டிக்" என்கிறான்.

இப்போது நம் வயதுக்காரர்களுக்கு. குழந்தை இருக்கை வாங்க மாட்டேன் என்று சொல்லும் இளம் பெற்றோரை நான் அதிகம் பார்க்கவில்லை. வாங்கி வைத்திருக்கிறார்கள். "பெத்த பிள்ளையை இப்படிக் கட்டிப் போடுறியே, உனக்கு மனசே இல்லையா?" என்று மருமகளை அழ வைத்து, கொக்கியைக் கழற்றி, பிள்ளையை மடிக்கு எடுப்பது நாம்தான். நாலு பேர் முன்னால் அந்தப் பெண் எப்படி எதிர்த்துப் பேசுவாள்? பிள்ளை மேல் பாசம் என்றால் வீட்டில் நாள் முழுக்க மடியில் வைத்துக்கொள்ளுங்கள், யார் கேட்டார்கள். கார் நகரும் நேரத்தில் கையை எடுங்கள்.

மருமகன் கடைசியாகக் கேட்டான்: "ஆறு சீட் எடுத்தா ஏழாவது ஆள் என்ன செய்யறது அத்தை? குலதெய்வம் கோயிலுக்குப் போகணுமே?" நல்ல கேள்வி. குலதெய்வம் கோயிலுக்கு வருஷத்தில் எத்தனை நாள் போகிறீர்கள்? இரண்டு. பழனிக்கு ஒரு தடவை, கல்யாணம் காட்சி என்று ஒரு தடவை. நாலு நாள். அந்த நாலு நாளுக்காக மிச்சம் 361 நாளும் குழந்தைகள் தப்பான இடத்தில் உட்கார்ந்து போக வேண்டுமா? அந்த நாளுக்கு வாடகைக்கு ஒரு டிராவலர் வேன் எடு, உன் குழந்தை இருக்கைகளைக் கையோடு கொண்டுபோய் வேனின் பெல்ட்டிலேயே கட்டு. ஐசோஃபிக்ஸ் இல்லாவிட்டாலும் மூன்று புள்ளி பெல்ட்டில் கட்டுகிற மாதிரி இருக்கைகள் நிறைய வருகின்றன, வாங்கும்போதே அதைப் பார்த்து வாங்கு. பெல்ட் இல்லாத வேனை வேண்டாம் என்று திருப்பி அனுப்பு.

வேன் செலவு வேண்டாம் என்றால் இன்னொரு வழியும் சொன்னேன். என் தம்பி பஸ்ஸில் வரட்டும். திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கு எந்நேரமும் பஸ் இருக்கிறது, ஜன்னலோர சீட் பிடித்தால் காற்று வாங்கிக்கொண்டு போகலாம், நாற்பது வருஷம் அதில்தானே வேலைக்குப் போய் வந்தான். இதை எழுதியதிலிருந்து அவன் என்னோடு பேசவில்லை. இன்றோடு ஆறு நாள். பேசாவிட்டால் போகிறான், பிள்ளைகள் மூன்றும் என்னோடு பேசுகின்றன.

வண்டி பார்க்கப் போகிறவர்கள் இதைச் செய்யுங்கள். தனியாகப் போகாதீர்கள், பிள்ளைகளையும் குழந்தை இருக்கைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். இருக்கை இன்னும் வாங்கவில்லை என்றால் யாரிடமாவது இரவல் வாங்குங்கள். ஷோரூம் வாசலில் எல்லாவற்றையும் மாட்டி, பிள்ளைகளை உட்கார வைத்து, எல்லாக் கதவையும் சாத்தி, அதன் பிறகு கடைசி வரிசைக்கு அம்மா போய் வர முடிகிறதா என்று பாருங்கள். கடைசி வரிசை உட்பட ஒவ்வொரு இடத்திலும் தோளுக்கும் இடுப்புக்கும் சேர்ந்த மூன்று புள்ளி பெல்ட் இருக்கிறதா, நடுவில் இடுப்புப் பட்டை மட்டும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். ஐசோஃபிக்ஸ் வளையத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள், "இருக்கு மேடம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கடைசி வரிசையில் குழந்தை இருக்கை வைக்கலாமா என்று வண்டியின் கையேட்டில் எழுதியிருக்கும், வாங்கிப் படியுங்கள். ஏசி காற்று கடைசி வரிசைக்கு வருகிறதா என்று மத்தியானம் ஒரு மணி வெயிலில் போய் உட்கார்ந்து பாருங்கள், காலை பத்து மணிக்கு எல்லா ஏசியும் நன்றாகத்தான் இருக்கும். டிக்கியில் உங்கள் வீட்டுப் பெரிய சூட்கேஸை வைத்துப் பாருங்கள். விற்பனைப் பையன் முகம் சுளிப்பான். சுளிக்கட்டும், அவன் பிள்ளையா பின்னால் உட்காரப் போகிறது?

கடைசியாக ஒரு செய்தி. என் பேரனின் முதல் இருக்கை, 13 கிலோ வரைக்குமானது, அவனுக்குச் சின்னதாகி பரணில் இருக்கிறது. ஒரு விபத்திலும் சிக்காதது, பட்டை எல்லாம் நன்றாக இருக்கிறது, அடியில் அச்சடித்த ஆயுட்காலம் இன்னும் முடியவில்லை. விபத்தில் இருந்த இருக்கையை யார் சும்மா கொடுத்தாலும் வாங்கக் கூடாது, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் என் மாணவிகள் யாருக்காவது பிரசவ நேரமாக இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். காசு வேண்டாம். வந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும், காரோடு வந்தால் எப்படி மாட்டுவது என்று நானே வாசலில் நின்று காட்டித் தருகிறேன்.